தேய்ந்த பெல்ட்டும் ஆறு கத்திகளும்

கீழே ஒரு நட்டு கிடந்தால் குனிந்து எடுக்காமல் அவனால் தாண்டிப் போக முடியாது. மர அறுவை மில்லில் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே இதைப் பார்த்துவிட்டு யாரோ ‘நட்டு’ என்று கூப்பிட, அந்தப் பெயரே நின்றுவிட்டது. வீட்டில் ஒரு மரப்பெட்டி நிறைய வளைந்த ஆணிகள், அறுந்த ஸ்பிரிங்குகள், மரை தேய்ந்த திருகுகள். என்றைக்காவது உதவும் என்பான். சும்மா சொல்லக்கூடாது, பல நாள் உதவவும் செய்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒருமுறையாவது கையைச் சுட்டிருந்தால் மனுஷன் அப்போதே திருந்தியிருப்பான்.

மில்லில் அவனுக்கு வாள்களுக்குக் கூர் போடும் வேலை. தட்டு மாதிரி வட்டமாக இருக்கும் பெரிய வாள். அதன் ஒவ்வொரு பல்லையும் அரத்தால் ராவ வேண்டும். பொறுமைசாலி என்று பெயர் வாங்கியிருந்தான். அந்த மில்லை ஒருநாள் மூடிவிட்டார்கள். முதலாளி கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார். ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த பழைய வட்ட வாள்கள் இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பழைய இரும்புக்காரன்கூட யோசிக்கும் சாமான். நட்டு அதைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் இருந்தது மூன்று பேர். அவன், மனைவி, ஒன்றாம் வகுப்பில் படிக்கும் மகள். மனைவியின் பெரியம்மா மகள் தூரத்து நகரமொன்றில் வீட்டு வேலைக்கு ஆள் சேர்த்துவிடுபவள். மில் மூடிய செய்தி கிடைத்ததும் போன் பண்ணிவிட்டாள். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அங்கேயே தங்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு, பிள்ளையைக் கூட்டி வரக்கூடாது. மகளோ அம்மாவின் கையை இழுத்துக் கழுத்துக்கு அடியில் வைத்துக்கொண்டால்தான் தூங்குகிறவள்.

"நீ போகவே வேண்டாம்," என்றான் நட்டு. "கொஞ்ச நாள் குடு. நான் ஏதாவது பண்றேன்."

"ஏதாவதுன்னா என்னங்க?"

அது அவனுக்கே தெரியாது. தெரியாமலேயே அந்த வாளிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அரத்தால் ராவி ராவி, வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒரு கத்தி செய்தான். அதைச் சந்தையிலிருந்த கறிக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் கை மணிக்கட்டு வரை கொழுப்பில் வழுக்கும் கை. கத்தியைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. ஒரு தொடையை எலும்பிலிருந்து பிரித்துப் பார்த்தவர் வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தார்.

"அண்ணே, இது எங்க இருந்துச்சு இத்தனை நாளா? இதே மாதிரி ஆறு கொண்டாங்க. எனக்கு ஒண்ணு, பக்கத்துக் கடைக்காரங்களுக்கு அஞ்சு. நல்லா வந்துச்சுன்னா இந்த வரிசை முழுக்க நீங்கதான். கத்தி, கூர் போடுறது, எல்லாமே."

ஆனால் மழைக்காலத்துக்கு முன்னால் வேண்டும் என்றார். அரத்தை நம்பினால் ஒரு கத்தி முடிவதற்குள் மழை வந்து போய்விடும். பெல்ட் சாணை வேண்டும்: மோட்டார் ஓட, சக்கரங்களைச் சுற்றி உப்புத்தாள் பெல்ட் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், அதில் இரும்பைப் பிடித்தால் பொறி பறந்து தேயும். கடையில் விற்கிற மிஷினின் விலையை விசாரித்துவிட்டு வந்த நட்டு, அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் மரப்பெட்டியைக் கவிழ்த்தான். உடைந்த இரும்புக் கட்டிலின் காலை அறுத்து வெல்டிங் கடைக்காரரிடம் ஒட்டவைத்துச் சட்டம் ஆக்கினான். மில்லில் பொறுக்கிய பேரிங்குகளை மரச் சக்கரங்களுக்குள் அடித்து இறக்கினான். பெல்ட் விலகி ஓடிவிடாமல் இருக்க சக்கரத்தின் நடுவில் மயிரிழை மேடு வைத்தான். கதவு ஸ்பிரிங் ஒன்று பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டது. எல்லாம் வந்துவிட்டது, மோட்டாரைத் தவிர. வீட்டில் ஒரே ஒரு மோட்டார்தான் இருந்தது. அது துணி துவைக்கும் மிஷினுக்குள் இருந்தது.

கேட்க வாய் வராமல் அந்த மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான். மனைவிக்குப் புரியாதா?

"எடுத்துக்கோங்க," என்றாள். "கையால துவைச்சுக்கிறேன். ஊரை விட்டுப் போறதுக்கு இது எவ்வளவோ மேல்."

சாணை ஓடிய அன்று அந்தச் சின்னப் பின்கட்டில் மூன்று பேரும் நின்றார்கள். பெல்ட் முதலில் ஒரு பக்கம் விலகியது, அவன் திருகைத் திருப்பியதும் நடுவுக்கு வந்து நின்று ஓடியது. மகள் கைதட்டினாள். மனைவி சோப்புக் கையோடு சிரித்தாள். அன்றே பெரியம்மா மகளுக்கு போன் போட்டு, "அக்கா, இப்போதைக்கு வரலைக்கா, இவருக்கு வேலை அமைஞ்சிருச்சு" என்றாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அப்படியொரு நாள் வரவில்லை.

ஒரு சாமான் மட்டும் பெட்டியில் கிடைக்காதது: பெல்ட். அது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், தேய்ந்ததும் தூக்கிப்போட வேண்டும். இந்தத் தூக்கிப்போடுவது என்ற காரியத்தை நட்டு வாழ்க்கையில் செய்ததில்லை. மூன்று பெல்ட் வாங்கினான். முதல் இரண்டு கத்திகள் வெண்ணெயாக வந்தன. மூன்றாவதுக்குள் கடைசி பெல்ட்டின் சொரசொரப்பும் போய்விட்டது. தடவிப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் இருக்கிற மாதிரித்தான் இருந்தது. மொட்டையாகிப்போன பெல்ட் இரும்பைச் சீவாது, வெறுமனே உரசும். உரசினால் சூடு. சீவவில்லையே என்று அவன் இன்னும் அழுத்தினான். அழுத்தினால் இன்னும் சூடு.

வாள் இரும்புக்குச் சூடு ஆகாது. செய்கிற இடத்திலேயே பதம் ஏற்றி, கெட்டியாக்கித்தான் அனுப்புவார்கள். சூடு கண்டால் பதம் இறங்கிவிடும், பிறகு ஏற்ற உலை வேண்டும். அதனால்தான் நிமிஷத்துக்கு ஒருதரம் வாளித் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்க்க வேண்டும். இரும்பு முதலில் வைக்கோல் நிறம் காட்டும், அப்புறம் பழுப்பு, அப்புறம் நீலம். நீலம் வந்தால் கதை முடிந்தது. இது தெரியாத ஆளா நட்டு? மில்லில் ஒரு பல் நீலமாகிவிட்டால் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுப்பல் எடுத்தவனே அவன்தானே! தெரியாமல் செய்திருந்தால் நாமும் பாவம் என்று விட்டிருப்போம்.

மூன்றாவது கத்தியின் கூர் ஓரத்தில் நகக்கண் அகலத்துக்கு நீலம் படர்ந்தது. மோட்டாரை நிறுத்தினான். வாளியில் முக்கினான். நீலம் போகவில்லை, போகாது. பிறகு உப்புத்தாள் துண்டு ஒன்றை எடுத்துக் கையாலேயே தேய்த்தான். நீலம் மறைந்து வெள்ளை பளபளத்தது. மேலோடு போன சூடுதான், உள்ளே இறங்கியிருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

மனைவி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் அருகே வந்தாள். சோடா சோப்பில் அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"என்னங்க அது, நீலமா ஏதோ?"

"ஒண்ணுமில்ல, கறை."

"பெல்ட் தேய்ஞ்சுபோச்சுன்னா புதுசு வாங்கிக்கோங்களேன். பாப்பா உண்டியல்ல கூட இருக்கு."

"இதுவே ஓடும். எதுக்கு வீணா."

நாலாவதும் நீலமானது, ஐந்தாவதும் ஆனது. ஆறாவதில் அவன் நிறத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பெல்ட்டில் மணலெல்லாம் உதிர்ந்து வெறும் அடித்துணிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு கத்திகளுக்கும் மரப்பிடி போட்டு எண்ணெய் தடவி வரிசையாக வைத்தபோது எது நல்லது எது கெட்டது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஆனால் எவையெவை என்று நட்டுவுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஆறையும் ஒரே துணியில் சுற்றினான்.

கறிக்கடைக்காரர் எண்ணிப் பார்த்து வாங்கி, பக்கத்துக் கடைகளுக்கு அவர் கையாலேயே கொடுத்தார். ஒரு வாரம் நட்டு சந்தைப் பக்கம் போகவில்லை. போனபோது அவர் கோபப்படுவார் என்று நினைத்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருந்தால்கூட அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் நான்கு கத்திகளைப் பலகையின் மேல் எடுத்து வைத்தார். கூர் முழுக்க மடங்கி, தகர டப்பாவின் விளிம்பு மாதிரி நெளிந்திருந்தது.

"கூட்ட நேரத்துல மடங்கிருச்சுண்ணே. எலும்புல கூடப் படல, சும்மா சதையிலதான். தீட்டினா மறுபடியும் மடங்குது. ரெண்டு மட்டும் நல்லா இருக்கு. எனக்கு வந்தது நல்லது. மத்தவங்களுக்குக் குடுத்தது..." அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்பிச் சொன்னேன்ணே. இப்ப எல்லாரும் என்னையத்தான் பார்க்கிறாங்க. என்னண்ணே ஆச்சு?"

"இரும்பு சரியில்ல," என்றான் நட்டு.

அந்தப் பொய்யையும் அவர் நம்பினார். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். மறைக்கத் தெம்பில்லை. நீலம் வந்தது, தேய்த்து மறைத்தது, எல்லாம். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமலே கேட்டாள்.

"புது பெல்ட் போட்டிருந்தா?"

"சரியா வந்திருக்கும்."

"எத்தனை பெல்ட்டு?"

"இன்னும் ரெண்டு."

களைந்த தண்ணீரைக் கொட்டினாள், மறுபடி பிடித்தாள், மறுபடி கொட்டினாள். அரிசி எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"நான் அன்னைக்குக் கேட்டப்போ கறைன்னு சொன்னீங்க," என்றாள் கடைசியில். "நீலம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே போய் வாங்கிட்டு வந்திருப்பேங்க."

சாயங்காலம் பெரியம்மா மகளுக்கு போன் போனது. அங்கே இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. நல்லதெல்லாம் கைநழுவும்போது இந்த மாதிரி இடம் மட்டும் யாருக்கும் போகாமல் காத்திருக்கும். போவதற்கு முந்தின நாள் நட்டு மோட்டாரைக் கழற்றித் துணி மிஷினில் மாட்டப் போனான்.

"விடுங்க," என்றாள் அவள், பையில் துணி அடுக்கிக்கொண்டே. "இனிமே ரெண்டு பேர் துணிதானே."

அவள் போன பிறகு நட்டு புது பெல்ட் வாங்கினான். வாளில் மிச்சமிருந்த இரும்பில் ஒரு கத்தி செய்தான். பெல்ட் லேசாக வழவழப்பானதுமே கழற்றி எறிந்தான், தண்ணீரில் முக்கி முக்கித் தேய்த்தான், வைக்கோல் நிறம்கூட வரவில்லை. கறிக்கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல கத்திதான்ணே. எனக்குத் தெரியுது. ஆனா இந்த வரிசையில உங்க பேரைச் சொல்ல எனக்கு வாய் வராது." இப்போது நட்டு மரக் கிடங்கு ஒன்றில் பலகை சுமக்கிறான். காலையில் மகளுக்குத் தலை வாரிவிடுகிறான். வகிடு கோணலாகத்தான் வருகிறது.

மனைவி தினமும் அந்தக் கிழவி தூங்கும் நேரம் பார்த்து போன் பண்ணுவாள். முதல் மாதங்களில் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு விடவே மாட்டாள். அழுவாள், வா என்பாள், போனை வைத்த பிறகும் காதிலிருந்து எடுக்க மாட்டாள். அதைப் பார்க்க முடியாமல் நட்டு வெளியே போய் நின்றுகொள்வான். எப்போதுதான் இது அடங்குமோ என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வான்.

அடங்கியது. வருஷம் முடிவதற்குள்ளேயே அடங்கியது. ஒரு சாயங்காலம் போன் அடித்தபோது மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு தரையில் கட்டம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா பேசுறா, வா," என்று நட்டு போனை நீட்டினான்.

மகள் தலையைத் தூக்கவில்லை. "அப்புறம் பேசுறேன்னு சொல்லுங்கப்பா. இப்ப என் ஆட்டம்."

அவன் அவசரமாகப் போனைக் காதில் வைத்தான். "பாப்பா குளிச்சிட்டிருக்கா..." என்று ஆரம்பித்தான்.

"கேட்டுச்சுங்க," என்றாள் அவள்.