நேற்றைய கஞ்சி மாதிரி

பிள்ளைகளுக்கு வெட்டவெளியில் பத்திரமாக நெருப்பு மூட்டக் கற்றுத்தர ஆள் தேடியபோது, எங்கள் பள்ளி மிகப் பொருத்தமான ஆளையே பிடித்தது. சொந்த சவுனாவையே, அதாவது வீட்டு நீராவிக் குளியல் குடிலையே, எரித்துக்கொண்டவள் ஹில்க்கா.

அவள் அதை மறைத்ததில்லை. பத்தொன்பது வருஷம் மர ஆலையில் பலகை உலர்த்தும் அறையைப் பார்த்துக்கொண்டவள். அங்கே ஒரு பொறிகூடப் பறந்ததில்லை. வீட்டில் சவுனா அடுப்பின் சாம்பலை அட்டைப் பெட்டியில் அள்ளி விறகு அடுக்கை ஒட்டி வைத்தாள். மூன்று நாள் ஆறிய சாம்பல். சாயங்காலம் பெட்டியும் இல்லை, விறகும் இல்லை, சவுனாவும் இல்லை. பின்லாந்தில் வீடு எரிந்தால் போர்வை கொண்டுவந்து கொடுப்பார்கள். சவுனா எரிந்தால் பட்டப்பெயர் வைப்பார்கள். அன்றிலிருந்து அவள் கரி ஹில்க்கா.

ஆலையை மூடியபின் பள்ளியில் உதவியாளர் ஆனாள். வெள்ளிக்கிழமைதோறும் மூன்றாம் வகுப்பை ஏரிக்கரைக்கு அழைத்துப் போவாள். பேருந்து ஓட்டுவது நான். எனக்குப் பேச்சு வராது. கண்ணாடி வழியாகப் பார்க்க மட்டும் வரும்.

அவள் பாடத்தில் முதலில் வருவது நெருப்பு அல்ல, வாளி. வாளி நிறையாதவருக்குத் தீக்குச்சி கிடையாது. பிறகு பற்றவைக்கப் பிர்ச் மரப்பட்டை, சுள்ளி, நெருப்பைச் சுற்றிக் கல் வளையம், சுட்டுத் தின்ன சாசேஜ். கடைசியில் பெரிய வேலை: தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, புறங்கையை மேலே பிடித்துப் பார், சூடில்லை என்றால் உள்ளங்கையைச் சாம்பலில் வை.

"கஞ்சி மாதிரி இருக்கணும். இன்னைக்குக் காய்ச்சின கஞ்சி இல்ல, நேத்து கஞ்சி" என்பாள்.

நேற்றைய கஞ்சி ஆகும்வரை பேருந்து நகராது. வாராவாரம் இருபத்தைந்து நிமிஷம் தாமதம். இதனால் வகுப்பில் ஒரு பையன், ஓஸ்மோ என்பவரின் மகன், ஐஸ் ஹாக்கிப் பயிற்சிக்கு மூன்று முறை பிந்திவிட்டான். நாட்டின் ஹாக்கி எதிர்காலமே ஹில்க்காவின் சாம்பலில் புதைவதாக ஓஸ்மோ பள்ளிக்கு மூன்று பக்கம் புகார் எழுதினார். தலைமையாசிரியர் ரௌனோ அதை இரண்டு முறை படித்தார். வகுப்பை நிறுத்திவிடலாம் என்று ஊர்க் கல்விக் குழுவில் அவரே பேசுவதாக ஏற்பாடு. வெள்ளி மதியம் மூன்று மணிக்குக் கூட்டம். வகுப்பு போனால் ஹில்க்காவின் வேலையும் போகும்.

ஆனால் ரௌனோ நியாயமான மனிதர். ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுத்தானே நிறுத்த வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை அவரும் எங்களோடு வந்தார், புதுத் தொப்பியோடு.

கல் வளையம் அவருக்குப் பிடிக்கவில்லை. பைன் மரத்தடியில் பாசி மெத்தென்று இருந்தது, பின்னால் ஏரி, படம் நன்றாக வரும். அங்கே காபிக்குத் தனி நெருப்பு மூட்டினார்.

"அங்க வேண்டாம் ரௌனோ. கீழ எல்லாம் வேரு" என்றாள் ஹில்க்கா.

"நான் இந்தக் காட்டுல வளர்ந்தவன். அதோட, நான் எந்த சவுனாவையும் எரிச்சதில்ல."

ஹில்க்கா பிள்ளைகள் பக்கம் திரும்பி, "இன்னும் நாலு வாளி" என்றாள்.

இரண்டு மணிக்குப் பிள்ளைகளின் சாம்பல் கஞ்சியாகிவிட்டது. ரௌனோ தன் நெருப்பின்மேல் மிச்சக் காபியைக் கவிழ்த்து, காலணியால் நாலு மிதி மிதித்து, கையைத் தட்டிக்கொண்டார்.

"முடிஞ்சுது. ஏறுங்க எல்லாரும்."

யாரும் ஏறவில்லை. தைமி என்று ஒன்பது வயதுப் பெண். முன்பல் இரண்டும் பெரிது. எங்கள் நாட்டில் பிள்ளைகளும் தலைமையாசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"கை வைங்க ரௌனோ."

"எதுக்கு?"

"வெச்சாதான் பஸ் போகும். உங்களுக்குத் தெரியாதா?"

ரௌனோ என்னைப் பார்த்தார். நான் பேருந்தின் சாவியைப் பார்த்தேன்.

அவர் குனிந்து, நேரே உள்ளங்கையை வைத்து, வைத்த வேகத்தில் எடுத்தார்.

"புறங்கைதான் முதல்ல" என்றாள் தைமி, வருத்தமாக. "அது ரெண்டாவது பாடம். நீங்க வரல."

அப்போது அவர் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, வேரடியிலிருந்து மெலிதாகப் புகை வந்தது. காபி மேலே நின்றுவிட்டது. நெருப்பு கீழே போய்விட்டது. ஹில்க்கா மண்வெட்டியை எடுத்துப் பாசியை வெட்டித் திறந்தாள். உள்ளே சிவப்பாக இருந்தது. பிள்ளைகள் ஏரிவரை வரிசை கட்டினார்கள். ரௌனோவும் நின்றார், வாளி கைமாறும் நடு இடத்தில், சுட்டுக்கொள்ளாத ஒரு கையோடு. அவர் சட்டைப்பையில் கைப்பேசி மூன்று தடவை அடித்தது.

"ஹில்க்கா, மூணு மணிக்குக் கூட்டம். உன் விஷயமாத்தான்."

"தெரியும். வாளியைச் சாய்க்காதீங்க."

முப்பத்தொரு வாளி. கடைசியில் அவர் அந்த நல்ல கையின் புறங்கையைப் பிடித்துப் பார்த்து, பிறகு உள்ளங்கையை வைத்தார். தைமியும் வைத்துப் பார்த்துத் தலையாட்டியபின் நான் வண்டியை எடுத்தேன். மணி மூன்றே முக்கால்.

பேச வேண்டியவர் வராததால் குழு அந்த விஷயத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளியது. அடுத்த மாதம் ரௌனோ, கையில் பிளாஸ்டரோடு, வகுப்பை நிறுத்தத் தேவையில்லை என்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அது மரியாதை.

போன வாரம் எனக்குப் புது நேர அட்டவணை வந்தது. வெள்ளிக்கிழமைப் பேருந்து ஏரிக்கரையிலிருந்து இனி இருபத்தைந்து நிமிஷம் பிந்திப் புறப்படும். காரணம், சாலை நெரிசல். கீழே ரௌனோவின் கையெழுத்து.

அந்தச் சாலையில் என் பேருந்தைத் தவிர நான் பார்த்தது ஒரு கலைமான்தான்.