ஊசிப்போன சால்னா

எங்கள் கூட்டத்தில் நாலு பேர். ஒருவனுக்குப் பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி. ஒருவன் பள்ளிக்கூட வாத்தியார். இன்னொருவன் சவூதியில் வேலை பார்க்கிறான், லீவுக்கு மட்டும் ஊருக்கு வருவான். நான் மேலகரத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். படிக்கிற காலத்திலிருந்தே ஒன்றாகச் சுற்றியவர்கள். வேறு எதற்கு அடித்துக்கொண்டாலும் சாப்பாட்டு விஷயத்தில் மற்ற மூவரும் என் பேச்சைத் தட்ட மாட்டார்கள்.

எந்தப் புரோட்டாக் கடைக்குப் போனாலும் எங்களுக்கு ஒரு முறை உண்டு. இலை போட்டதும் யாரும் கை வைக்கக் கூடாது. முதலில் என் உள்ளங்கையில் கொஞ்சம் சால்னா ஊற்றச் சொல்வார்கள். நான் நக்கிப் பார்த்துத் தலையாட்டினால்தான் ஆர்டர். உதட்டைப் பிதுக்கினால் எல்லோரும் எழுந்து அடுத்த கடை. தேங்காய் முற்றலா, சோம்பை வறுத்தார்களா, கோழி இன்று அறுத்ததா நேற்றையதா, எல்லாம் நக்கின நக்கில் சொல்லிவிடுவேன். சொன்னதோடு நிற்கவும் மாட்டேன். அடுப்படியில் நிற்கிற மாஸ்டரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பேன். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஊரெல்லாம் மாஸ்க் கட்டித் திரிந்த அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது. காய்ச்சல் போனது, இருமல் போனது. கூடவே போன ருசியும் வாசனையும் மட்டும் திரும்பவே இல்லை. ஒன்றிரண்டு மாதத்தில் வந்துவிடும் என்றார் டாக்டர். நானும் காபித்தூள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் மோந்து பார்த்தேன். மண்ணை மோந்த மாதிரி இருந்தது. மிளகாய் வாயில் எரியும், அவ்வளவுதான். மற்றபடி கோழியும் ஒன்றுதான், கோவைக்காயும் ஒன்றுதான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. கண் போனால் இரக்கப்படுவார்கள், நாக்கு போனால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மண்டிக்காரன் கார் எடுத்துக்கொண்டு வருவான். வாத்தியார் வாயைத் திறந்தால் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். சவூதிக்காரன் வந்து இறங்கினாலே திருவிழாதான். இந்த நாக்கும் இல்லையென்றால் அவர்களுக்கு நடுவில் எனக்கு என்ன வேலை?

அதனால் உள்ளங்கையை நீட்டினேன், நக்கினேன், தலையாட்டினேன். எல்லாக் கடையிலும் தலையாட்டினேன். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

இந்தச் சாரல் சீசனுக்குச் சவூதிக்காரன் வந்தான். வந்த கையோடு போன் செய்தான். “ஏலே, நாக்கு செத்துப்போய் வந்திருக்கேம்லே. குத்தாலத்துல குளிச்சிட்டு நல்ல கடையாப் பாத்துக் கூட்டிட்டுப் போ” என்றான்.

ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு, கொலைப் பசியில் நாலு பேரும் வழியில் இருந்த ஒரு கடையில் உட்கார்ந்தோம். கூட்டம் குறைவுதான். அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சப்ளையர் சால்னா வாளியோடு வந்தார். உள்ளங்கையை நீட்டினேன். நக்கிவிட்டுக் கண்ணை வேறு மூடினேன்.

“அருமைலே. மிளகு தூக்கலா இருக்கு.”

மண்டிக்காரனும் வாத்தியாரும் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றிப் பிசைந்து தின்ன ஆரம்பித்தார்கள். பெரிய பெரிய வாயாகப் போட்டு, மெல்லாமல், தண்ணீரைக் குடித்து விழுங்கினார்கள். பசி என்று நினைத்தேன்.

சவூதிக்காரன் ஒரு வாய் வைத்தான். வைத்த வேகத்தில் இலை ஓரத்தில் துப்பினான். “த்தூ! ஏலே, ஊசிப்போச்சுலே இது! இதப் போயா அருமைங்க?”

வாத்தியார் அவன் விலாவில் இடித்தான். “பேசாமத் தின்னுலே.”

“என்னத்தத் திங்க? நாத்தம் குடலைப் பிடுங்குது.”

“அப்படி ஒண்ணும் இல்ல, தின்னலாம்” என்று சொல்லிக்கொண்டே மண்டிக்காரன் இன்னொரு கவளத்தை எடுத்து வாயில் போட்டான். போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தக் கவளத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வாத்தியாருக்கும் தெரிந்திருக்கிறது. என் மூக்கு உடைபடக் கூடாது என்பதற்காக இரண்டு பேரும் ஊசின சால்னாவைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. எழுந்து போய் அருவியில் விழுந்துவிடலாம் போல இருந்தது.

“துப்புலே. தின்னாத” என்றேன். “எனக்கு ருசி தெரியாதுலே. அந்தக் காய்ச்சலோட போச்சு.”

“தெரியும்லே” என்றான் வாத்தியார், இலையைப் பார்த்துக்கொண்டே.

“எப்படித் தெரியும்?”

“நீ ஒரு கடையத் திட்டி எவ்வளவு நாளாச்சு சொல்லு?”

மண்டிக்காரன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். “மொதல்ல உனக்கு வயசாகிப் புத்தி வந்துட்டுன்னுதான் நெனச்சோம். பொறவுதான் பொறி தட்டுச்சு.”

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஈரத் துண்டு தேவைப்பட்டது. நான் தலையாட்டின கடைகள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. ஒரு தடவை சாப்பிட்ட மறுநாள் வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டான். காய்ச்சல் என்றான். நானும் நம்பி, கஷாயம் குடிக்கச் சொல்லி போனில் புத்தி சொல்லியிருக்கிறேன். வெட்கக்கேடு.

வேறு கடையில் சாப்பிட்டுத் திரும்பும்போது காரில் மண்டிக்காரன் கேட்டான். “வீட்ல சொல்லிட்டியா?”

“இல்லலே.”

“சொல்லிரு.”

“சமைக்குதவகிட்ட எப்படிலே சொல்ல?” என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியின் சமையலில் நான் குறை சொல்லாத வேளை கிடையாது. அவள் அடுப்பில் இருக்கும்போது எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டாள். அவள் அம்மா வீட்டுப் பழக்கம் அது, எச்சிலாகிவிடுமாம். வாசனையை வைத்தே இறக்கிவிடுவாள். பிறகு என் பக்கத்தில் கரண்டியோடு நிற்பாள். உப்பு சரியா என்று கேட்பாள். குறைச்சல் என்பேன், ஜாஸ்தி என்பேன், முகத்தைச் சுளிப்பேன். காய்ச்சலுக்குப் பிறகு எல்லாமே நல்லா இருக்கு என்றுதான் சொல்லி வந்தேன். இப்போதாவது அவள் நிம்மதியாக இருக்கிறாள் என்று அதிலும் எனக்கு ஒரு பெருமை.

மறுநாள் மத்தியானம் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன். சோற்றைப் போட்டு, சாளை மீன் குழம்பை ஊற்றினாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பு சரியா என்று அவள் கேட்கட்டும், அதைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. கடைசியாக எப்போது கேட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

“என்ன பாத்துக்கிட்டே இருக்கீங்க?” என்றாள். “உப்பு, புளி எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் வாயில வச்சுப் பாத்துட்டுத்தான் எறக்குனேன். சாப்பிடுங்க.”