ஆனந்தமேரி டீச்சரின் வெற்றுச் சீட்டுகள்

பக்கத்து வீட்டுக்காரி என்ற ஒரே குற்றத்துக்காக ஆனந்தமேரி டீச்சரின் சீட்டுக் கூத்தையெல்லாம் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். என் தையல் மிஷின் சத்தம் அங்கே கேட்கும். அவர் முழங்காலிடும்போது விடுகிற பெருமூச்சு இங்கே கேட்கும். அந்த வீட்டில் வேறு சத்தம் கிடையாது.

அலமாரியில் அந்தோணியார் சொரூபம், அதன் காலடியில் ஒரு பவுடர் டப்பா மூடி. அதற்குள் மடித்த மூன்று சீட்டுகள். ஒன்றில் ‘செய்’, ஒன்றில் ‘செய்யாதே’, ஒன்றில் ‘பொறு’. கண் டாக்டரிடம் போவதா, சுவருக்கு வெள்ளையடிப்பதா, எல்லாவற்றுக்கும் கண்ணை மூடி ஒரு சீட்டு எடுப்பார். ஒருநாள் கத்தரிக்காய் வாங்கவும் சீட்டு எடுத்தார் பாருங்கள், எனக்கு வந்ததே கோபம்!

“ஏன் டீச்சர், அந்தோணியாருக்கு வேற சோலியே இல்லையா? உங்களுக்குன்னு ஒரு புத்தி இருக்குல்ல?”

“இருந்துச்சு கமர். அதை நம்பித்தான் அன்னைக்கு அப்படிச் செஞ்சேன்” என்றார்.

அன்றைக்கு என்றால் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். கணவர் ஸ்தனிஸ்லாஸ் இறந்த பிறகு ஒற்றை ஆளாக வளர்த்த மகன் ரொனால்டு பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குக் கிளம்பி நிற்கிறான். சட்டைப் பையில் மடித்த பேப்பர் ஒன்று டீச்சர் கண்ணில் பட்டுவிட்டது. காப்பியடிக்கிற பிட்டு! கையைப் பிடித்துத் தெருவோடு இழுத்துப் போனார். “விடுங்க டீச்சர், வீட்டுல வச்சுப் பேசிக்கங்க” என்று அவனுடைய ஹெட்மாஸ்டரே கெஞ்சியிருக்கிறார். இவர் விடவில்லை. “மடிப்பைக்கூடப் பிரிக்காம அப்படியே அவர் மேசையில வச்சேன். எம்மகன்னா எனக்கு ஒரு நியாயம், ஊராம்பிள்ளைக்கு ஒரு நியாயமா?” என்று அன்று சாயங்காலம் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அந்தப் பையனும் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் பேசும்போது யார்தான் வாயைத் திறந்தது?

அவனுக்கு அந்த வருஷம் போயிற்று. மூன்றாம் நாள் ஒரு பையோடு அவனும் போனான். இப்போது கோயம்புத்தூரில் வேலை, மனைவி ஐரின், ஒரு பெண் குழந்தை. சின்ன வயதில் பாதிச் சோறு என் வீட்டில் தின்றவன் என்பதால் பெருநாளுக்குப் பெருநாள் எனக்கு போன் செய்வான். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான். நானாகச் சொல்ல ஆரம்பித்தால், “வேலை இருக்கு, வைக்கிறேன் அக்கா” என்பான்.

போன மே மாதம் அவனிடமிருந்து எனக்கு வாட்ஸப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விழா, நத்தம் பக்கம் ஐரினின் ஊரில். “அவசியம் வாங்க அக்கா” என்று எனக்கு மட்டும்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பேத்தியின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர், “கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போக?” என்றார். சீட்டு எடுக்கப் போய்விட்டார்.

எட்டு நாள் எடுத்தார். “என்ன வந்துச்சு?” என்றால், “ஒண்ணும் வரல.” மறுநாளும் “ஒண்ணும் வரல.” மூன்றில் ஒன்று வந்துதானே ஆகவேண்டும்? விசேஷத்துக்கு முந்தின நாள் பொறுக்க முடியாமல் உள்ளே போய் டப்பா மூடியைக் கவிழ்த்து மூன்றையும் பிரித்தேன். மூன்றும் வெற்றுச் சீட்டு!

“என்ன டீச்சர் இது, விளையாட்டா?”

“நான் எழுதுனா அதுல இருக்கது என் கையெழுத்துத்தானே கமர்? ‘செய்’யின்னு எழுதுறதும் நான், ‘செய்யாதே’ன்னு எழுதுறதும் நான். அவரு சொல்ல எடமே விடலையே. அதான் இந்தத் தடவ எழுதல. சும்மா முன்னால உக்காந்திருக்கேன்.”

“அவரு என்ன சொல்றாரு?”

“தப்புப் பண்ணினவன்தான் வரணும், நீ போகாதேன்னு எம்புத்தி சொல்லுது. உக்காந்தா, ‘அவங்கிட்டக் கேளு’ன்னு மட்டும் திரும்பத் திரும்ப மனசுல விழுது. என்னத்தக் கேக்கன்னுதான் தெரியல.”

“மன்னிப்புத்தான், வேறென்ன!” என்று கத்தினேன். “தப்புப் பண்ணாம எப்படி மன்னிப்புக் கேக்க?” என்றார். அந்த நிமிஷம் அவரை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் மறுநாள் காலையில் ஏழு மணிக்கே சேலை கட்டி என் வாசலில் நின்றார்.

பூசை முடிகிற வரைக்கும் கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வெளியே பந்தலில் ரொனால்டு எங்களைப் பார்த்துவிட்டான். முடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தவன் டீச்சரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். டீச்சர் அவனருகே போனார்.

“அன்னைக்கு உங்கிட்ட நான் ஒண்ணு கேக்கவே இல்லையேப்பா” என்றார். “அந்தப் பேப்பர் உன்னோடதா?”

அந்தக் காலத்தில் அம்மாவை ‘நீ’ என்றே கூப்பிட்டவன் இப்போது, “நீங்க அதைப் பிரிச்சுக்கூடப் பாக்கலையேம்மா” என்றான். “என் கையெழுத்தே இல்ல அது. ட்யூஷன்ல ஒருத்தன் எழுதிட்டு வந்தான். மாட்டிக்கிருவான்னு நாந்தான் பிடுங்கி வச்சேன். நாப்பது பிள்ளைக நோட்ட, பேரு பாக்காம கையெழுத்த வச்சே பிரிப்பீங்க. எங்கையெழுத்து உங்களுக்குத் தெரியாதா?”

டீச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் போட்டோ எடுக்க யாரோ கூப்பிட்டார்கள். “சாப்ட்டுட்டுப் போங்க அக்கா” என்று என்னிடம் சொல்லிவிட்டு அவன் போனான். வெள்ளை கவுனில் நின்ற பேத்தியை டீச்சர் தூரத்திலிருந்தே பார்த்தார். பிறகு நடக்க ஆரம்பித்துவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாதி வழியில் என் போன் அடித்தது. ரொனால்டு.

“அக்கா, அம்மா சாப்டாங்களா?”

“இல்லப்பா. பந்தியில உக்காரவே இல்ல.”

அவன் போனை வைத்துவிட்டான்.

“யாரு?” என்றார் டீச்சர். சொன்னேன். “என்ன கேட்டான்?” என்றார். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டான் என்றேன். திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் இன்னும் மூன்று தடவை கேட்டார், “அவன் என்ன கேட்டான் கமர்?”

மூன்று தடவையும் கோபப்படாமல் சொன்னேன்.