கல்லூரி போர்டில் கீழிருந்து இரண்டாவது வரி

நான்காம் வகுப்பில் எனக்குப் பதிமூன்றாம் வாய்ப்பாடு வராது. ஆனால் எங்கள் ஊர்க் கல்லூரியின் கால்பந்து அணியில் ஆடியவர்கள் யார் யார், எந்த வருடம் எந்தப் பெரிய அணிக்குப் போனார்கள், இப்போது எந்த ஆபீசில் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துவிடுவார். வந்தவர் காபி டம்ளரோடு மாட்டிக்கொண்டு முழிப்பார். முப்பத்தொரு வரியும் முடிகிற வரை நான் அவரை விட மாட்டேன்.

இந்தப் படிப்புக்கெல்லாம் காரணம் சித்தப்பா. அவர் அந்தக் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி, அப்பா சிறுசேரிக்குக் கம்பெனி வண்டி ஓட்டப் போய்விடுவார். என்னைப் பார்த்துக்கொள்ளும் வேலை சித்தப்பா தலையில் விழுந்தது. அவர் என்னைக் கொண்டுபோய் கல்லூரி விளையாட்டு அறையில் உட்கார வைத்துவிட்டு, பிராக்டிஸுக்கு ஓடிவிடுவார். அந்த அறையில் கிழிந்த வலை, காற்றுப் போன பந்துகள், காய்ந்த வியர்வை நாற்றம், சுவரில் ஒரு போர்டு. வேறு ஒன்றும் கிடையாது. அதனால் போர்டைப் படித்தேன்.

பச்சைப் பெயிண்ட் அடித்த பலகை, அதில் வெள்ளை எழுத்து. பெயர், வருடம், சிறப்பு, வேலை என்று நாலு கட்டம். பந்து ஆடிச் சம்பாதிப்பது என்றால் எங்கள் பக்கம் அந்த நாலாவது கட்டம்தான். ரயில்வே, போலீஸ், துறைமுகம், பேங்க் என்று ஏதாவது ஒரு துறை தன் அணிக்கு எடுத்துக்கொள்ளும். கால் ஓடுகிற வரை ஆடலாம், ஓடாமல் போனபிறகு அதே ஆபீசில் மேசை நாற்காலி போட்டு உட்காரலாம். கல்லூரியின் பி.டி. சார் இதில் ரொம்பக் கறார். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைக் கொண்டுவந்து தன் மேசையில் வைத்தால்தான் பெயிண்டரைக் கூப்பிட்டு நாலாவது கட்டத்தை எழுதச் சொல்வார். 'கிடைச்ச மாதிரிதான் சார்' என்று சொன்னவர்களின் கட்டம் எல்லாம் வெறுமனே கிடந்தது. ஒப்பிக்கும்போது அந்த இடம் வந்தால் நான் 'காலி' என்று சத்தமாகச் சொல்வேன். அப்பா சிரிப்பார். சித்தப்பா சிரித்து நான் பார்த்ததில்லை.

அவருடைய வரி கீழிருந்து இரண்டாவது. பல்கலைக்கழக அணி, இரண்டு வருடம். மாநில அணி முகாம். வேலை, காலி.

அந்த வருடம் சென்னையில் ஒரு துறை, ஆறு பையன்களை ஒரு சீசனுக்கு ட்ரையல் பார்க்க எடுத்திருந்தது. அதில் சித்தப்பாவும் ஒருவர். ஏப்ரலில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து நிரந்தர வேலை கொடுப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை, அதுவரை வெளியே எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது. ஆடினது தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். சித்தப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். எங்கள் தாத்தா அச்சரப்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே காலத்தை ஓட்டியவர். அப்பா வண்டி ஓட்டினார், அம்மாவுக்கு காண்ட்ராக்ட் வேலை. வேலை போய்விடுமோ என்று பயப்படாமல் இருக்கக்கூடிய முதல் ஆள் சித்தப்பாவாகத்தான் இருப்பார் என்று வீட்டில் எல்லோரும் முடிவே கட்டியிருந்தார்கள்.

காணும் பொங்கல் அன்று, என்னை மகாபலிபுரம் கூட்டிப்போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு சித்தப்பா பைக்கை எடுத்தார். திருக்கழுக்குன்றம் தாண்டி மகாபலிபுரமும் வந்தது. ரோடு முழுக்க வேனும் லாரியும் கரும்பும் ஜனமுமாகக் கிடந்தது. வண்டி நிற்கவில்லை, ஈசிஆரில் வடக்கே திரும்பிக் கோவளம் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. 'கடல் இங்கதானே கீது?' என்று கேட்டேன். 'அங்கயும் அதே கடல்தான், கம்முனு வா' என்றார்.

கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் சித்தப்பாவின் உயிர் சிநேகிதர் இருந்தார். நான் அவரைக் கோவளத்து மாமா என்பேன். கல்லூரியில் சித்தப்பாவோடு சேர்ந்தவர், கோல் கீப்பர். இரண்டாம் வருடம் அவருடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், படிப்பை விட்டுவிட்டுப் படகில் ஏறிவிட்டார். போர்டில் அவர் பெயர் கிடையாது. ஆனால் சித்தப்பா பல்கலைக்கழக அணிக்கு ஆடினது முழுக்க அவர் விட்டுவிட்டுப் போன பூட்ஸில்தான். அன்று அவர்கள் குப்பத்து அணிக்கு ஏழு பேர் ஆட்டத்தில் ஃபைனல். இடது பக்கம் ஆடுகிற ஆள் படகில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். மாற்று ஆள் இல்லை. முந்தின நாள் போன் வந்திருக்கிறது.

பைக்கை நிறுத்தியதும் சித்தப்பா எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

'பாப்பா, இங்க யாரு கேட்டாலும் என் பேரை மட்டும் சொல்லக் கூடாது. இன்னா?'

'ஏன்?'

'ஒரு வெளாட்டு. அவ்ளோதான்.'

தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். சத்தியம் என்றால் நான் எவ்வளவு உறுதி என்பது தெருவுக்கே தெரியும்.

கேரளா பக்கம் தொழிலுக்குப் போயிருந்த, கோவளத்து மாமாவின் பங்காளி ஒருவர் பெயரில் சித்தப்பா இறங்கினார். மைக்கில் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். என்னைக் கோவளத்து மாமாவின் அக்கா ஷாமியானாவில் முன் வரிசை நாற்காலியில் உட்கார வைத்து, மடி நிறைய வேகவைத்த வேர்க்கடலை கொட்டிவிட்டுப் போனார். நான் கடலையைத் தொடவில்லை. சித்தப்பா ஒவ்வொரு தரம் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடும்போதும் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன்.

பக்கத்து நாற்காலியில் சலவைச் சட்டையோடு கண்ணாடி போட்ட ஒரு சார். பரிசு கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

'யாரும்மா அது? பத்தாம் நம்பருக்கு இந்தக் கத்து கத்தற?'

'எங்க சித்தப்பா.'

'இந்த ஊரா நீ?'

'செங்கல்பட்டு.'

'அட, நான் அங்கதான் காலேஜ் படிச்சேன். பந்து ஆடினவன்மா நானு. வெளாட்டு ரூம்ல ஒரு போர்டு இருக்கும், அதுல என் பேரு கூட கீது. இப்ப அழிச்சாங்களோ இன்னாவோ.'

நான் நாற்காலியில் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன். போர்டில் நாலாவது கட்டம் நிரம்பிய ஒரு ஆளை உயிரோடு நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெயர் கேட்டேன், சொன்னார்.

'பதினோராவது வரி!' என்று கத்தினேன். அவருடைய வருடம், மாநில அணிக்கு ஆடினது, எந்தத் துறையில் வேலை, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவருக்கு முந்தின வரி, பிந்தின வரி இரண்டும் இலவசம்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். 'என் பையனுக்கே இதெல்லாம் தெரியாதும்மா' என்றார். பெட்டி வைத்துக்கொண்டு போனவனைக் கூப்பிட்டு எனக்குப் பால் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே, 'உங்க சித்தப்பா பேரு இன்னா?' என்றார்.

'சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்.'

'நல்ல பொண்ணு' என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம் இல்லையா? பாழாய்ப்போன வாய், விடவில்லை. இவ்வளவு பெரிய மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ் வாங்கிக் கொடுக்கிறார், என் சித்தப்பாவை ஏதோ மீன் பிடிக்கிற கையோடு பந்து உதைக்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டால்? எனக்குப் பொறுக்கவில்லை. பெயரைத்தானே சொல்லக் கூடாது?

'ஆனா அவரும் போர்டுல கீறாரு சார். கீழ இருந்து ரெண்டாவது வரி. யுனிவர்சிட்டி டீமு ரெண்டு வருஷம். மாநில முகாம். வேலை மட்டும் காலி. உங்க டிபார்ட்மென்ட்லதான் இப்ப ட்ரையல்ல கீறாரு. ஏப்ரல்ல ஃபுல் ஆயிடும்.'

சார் சிரிப்பை நிறுத்திவிட்டு மைதானத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, 'சாப்பிடும்மா, உருகுது பாரு' என்றார்.

ஏப்ரலில் ஆள் எடுக்கும் குழுவில் அவரும் ஒருவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? சித்தப்பாவுக்கே தெரியாது. போர்டில் பெயர்தான் உண்டு, போட்டோ கிடையாது.

இடைவேளையில் குப்பத்து அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. சார் எழுந்து போய், தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்ற சித்தப்பாவைத் தோளில் கை போட்டுத் தள்ளிக் கூட்டிப்போனார். கோவளத்து மாமாவும் கூடப் போனார். சார் ஏதோ மெதுவாகச் சொன்னார். சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஐஸ் குச்சியை ஆட்டிக் காட்டினேன். அவரும் கையை ஆட்டினார்.

என்ன பேசினார்கள் என்பது கோவளத்து மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவும் எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வருடத்தில். சார் சொன்னாராம்: 'தம்பி, கால்ல அடின்னு சொல்லிட்டு ஒக்காந்துடு. நான் ஒன்னப் பாக்கவே இல்ல. திரும்ப எறங்கினன்னா நான் பாத்தவன் ஆயிடுவேன். எழுதிக் குடுத்துதான் ஆவணும். மத்த அஞ்சு பையனும் கட்டுப்பாடா வூட்ல ஒக்காந்துகினு கீறாங்க.'

கோவளத்து மாமா, 'ஒக்காந்துடு மச்சான், ஒரு கப்புக்காவ உன் பொழப்பைக் கெடுத்துக்காத. ஆறு பேரு ஆடிக்கிறோம்' என்று கையைப் பிடித்திருக்கிறார். சித்தப்பா அந்தக் கையை மெதுவாக விலக்கினாராம். பிறகு சாரிடம், 'கூப்ட்டாங்க, வந்துட்டேன் சார். பாதில எப்படி சார் ஒக்கார்றது?' என்று சொல்லிவிட்டு, குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டினாராம்.

எனக்கு இதைக் கேட்டபோது அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. இன்னமும் வரும். உட்கார்ந்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான்: பெரிய மனிதர் ஒருவர் என் சித்தப்பாவின் தோளில் கை போட்டுப் பேசினார், அதற்குப் பிறகு சித்தப்பா பேய் பிடித்த மாதிரி ஆடினார். அவர் போட்ட கோலில் வலையைக் கட்டியிருந்த கம்பமே சாய்ந்தது. ஒன்றுக்கு ஒன்று. கடைசியில் டைபிரேக்கரில் தோற்றுப்போனார்கள், அது வேறு. சார் இரண்டாவது பரிசுக் கோப்பையைக் கொடுக்கும்போது சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வரும் வழியில் ஒரு டீக்கடையில் சித்தப்பா வண்டியை நிறுத்தினார்.

'அந்த சார் கிட்ட இன்னா பாப்பா சொன்ன?'

நான் டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று, விட்டது விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பெயரை மட்டும் சொல்லவில்லை என்பதை இரண்டு தரம் சொன்னேன். சித்தப்பா டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார்.

'ஒரு தப்பு கூட இல்லாம சொல்லிக்கீற' என்றார். 'வூட்ல மட்டும் சொல்லாத. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள.'

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வேலை கிடைத்தாகிவிட்டது, நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஏப்ரலில் எல்லோரையும் அசத்தப் போகிறார், அதனால்தான் ரகசியம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மூன்று மாதம் அந்த ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சித்தப்பாவும் ஒன்றுமே நடக்காத மாதிரி தினமும் விடியற்காலை ரயிலைப் பிடித்து பிராக்டிஸுக்குப் போய்வந்தார்.

ஏப்ரலில் லிஸ்ட் வந்தது. அவர் பெயர் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா சாப்பாடு போடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். 'எவனோ பெரிய எடத்து சிபாரிசு. நம்மள மாதிரி ஆளுக்கு எவன் குடுப்பான்?' என்று கத்தினார்.

'அதெல்லாம் இல்லண்ணா. என் ஸ்பீடு பத்தலயாம்' என்றார் சித்தப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்பீடு பத்தலையா? 'பொய்! அந்த சாரு...' என்று ஆரம்பித்தேன்.

'ஏய்! பெரியவங்க பேசச்சொல்ல உனக்கு இன்னா வாயி? போ, கடைக்குப் போய் அப்பாவுக்குச் சோடா வாங்கினு வா, ஓடு!'

பிறந்ததிலிருந்து சித்தப்பா என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அன்று அம்மா, அப்பா எதிரில், தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். வாசல் வரைக்கும் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்து, நான் தெருமுனை திரும்புகிற வரை அங்கேயே நின்றார். சோடாவோடு நான் திரும்பி வந்தபோது பேச்சு வேறு எங்கோ போயிருந்தது. அப்புறம் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டில் சிபாரிசு கதைதான் ஓடுகிறது. சித்தப்பா இப்போது மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறார், தொப்பை விழுந்துவிட்டது, அப்பா அந்தக் கதையை ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த சாரிடம் அவருக்காகப் பேசி, ரகசியத்தையும் காப்பாற்றிய என்னை அவர் நாலு பேர் எதிரில் அவமானப்படுத்திவிட்டார் என்பதுதான். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் வாங்கி வந்த பன்னைத் தொடவில்லை. நாலாவது நாள் காலையில், நான் ஸ்கூலுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அவர்தான் வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்து, 'தப்புதான் பாப்பா, மன்னிச்சுக்கோ' என்று காதைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். சரி, போனால் போகிறது என்று மன்னித்துவிட்டேன்.