கழுத்துவரை நிரப்பிப் பார்ப்பவள்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் நிரப்பக்கா. படம் சேமிக்க யார் எந்த டிரைவ் வாங்கிவந்து கொடுத்தாலும், அதைக் கழுத்துவரை எழுதி நிரப்பிப் பார்க்காமல் கேமராப் பக்கம் அண்டவிட மாட்டாள். முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். படம் தொலைந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்பவர்களும் அவர்கள்தானே.

இந்தப் புத்தி அவளுக்குப் படிப்பில் வந்ததில்லை. கல்லூரி முடித்த கையோடு ஒரு வீடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மலிவாகக் கிடைத்தது என்று முதலாளி வாங்கிப்போட்ட ஹார்ட் டிஸ்க், ஒரு கல்யாணத்தையே விழுங்கி ஏப்பம் விட்டது. முதலாளி பின்வாசல் வழியாக நழுவிவிட்டார். பெண்ணைப் பெற்றவருக்குப் பதில் சொல்ல நின்றது இவள்தான். அந்த மனிதர் திட்டவில்லை. "ஒரு படம்கூடவா இல்லம்மா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

இப்போது கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நுண்ணோக்கி சரியான ராட்சசன். உயிரோடு இருக்கும் மீன் முட்டைக்குள் இதயம் உருவாவதைச் சீவல் சீவலாகப் படம் பிடிக்கும். நொடிக்கு ஒரு முழுநீள சினிமா அளவுக்குக் கொட்டும். வாங்கிக்கொள்ளும் டிரைவ் கொஞ்சம் தயங்கினாலும் கேமரா நிற்காது. இடம் கிடைக்காத படங்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். எறிந்தேன் என்று வாய் திறந்து சொல்லவும் சொல்லாது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இதயத்தில் பாதி துடிப்பைக் காணோம்.

அதற்கு ஏற்ற டிரைவைத் தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு. போன மாதம் ஐந்தாறு கடைகளிலிருந்து மாதிரிகள் வரவழைத்து நிரப்பிப் பார்த்தாள். தேறியது ஒன்றே ஒன்று. அதைக் கொண்டுவந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. பின்னால் பேச்சு வரக்கூடாதென்று, கூடத்தின் தலைவரிடம் முன்னாலேயே உறவைச் சொல்லிவிட்டாள். எந்நேரமும் மீன் முட்டையும் கையுமாக இருப்பதால் அவரை எல்லோரும் மீன் டாக்டர் என்பார்கள். "தேறினது தேறினதுதான் மேடம், தம்பியா இருந்தா என்ன?" என்றார் அவர். தம்பியின் கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. இந்த ஒரு ஆர்டர் கையில் வந்தால் கடை பிழைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் மூடுவிழாதான். அவளுக்கும் அது தெரியும்.

இன்று காலை அவன் சரக்கைக் கொண்டுவந்து இறக்கினான். அதே பெட்டி, அதே பெயர். அவள் அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, கணினியில் செருகி, நிரப்ப விட்டாள்.

மீன் டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "போன மாசமே பாஸ் ஆயிடுச்சே மேடம், மறுபடி எதுக்கு? முட்டையெல்லாம் தயாரா இருக்கு. மதியத்துக்குள்ள ஆரம்பிக்கலேன்னா இன்னிக்கு முட்டை அத்தனையும் வீண்."

"போன மாசம் பாத்தது வேற டிரைவ் சார். இது இன்னிக்கு வந்தது."

"பேரு ஒண்ணுதானே?"

"பேரு ஒண்ணுதான் சார்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேகம் காட்டும் பச்சைக் கோடு உச்சியில் படுத்துக் கிடந்தது. தம்பி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருந்தான். "எங்கக்கா சின்ன வயசுல பென்சில் வாங்கப் போனாக்கூட, பாதி சீவிப் பாத்துட்டுதான் சார் காசு குடுப்பாங்க. கடைக்காரர் எங்களைக் கண்டாலே உள்ள போயிடுவாரு." டாக்டர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

டிரைவ் கால்வாசியை நெருங்கியபோது தம்பியின் பேச்சு நின்றது. அவன் வாய் ஓயாதவன். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த நாளில்கூடக் கையால் பேசினவன். அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளங்கைகளைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, போதும்க்கா. ரொம்ப சூடாகுது பாரு. நிறுத்திடு."

தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. நிறுத்துவதற்கான பொத்தான் திரையில், மவுஸ் அவள் விரலுக்குக் கீழே. அழுத்தினால் டாக்டர் கோவில் கட்டிக் கும்பிடுவார், தம்பி பிழைப்பான், ஒருத்தரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. விரல் அங்கேயே கிடந்தது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பச்சைக் கோடு பொத்தென்று அடியில் விழுந்தது. விழுந்தது எழுந்திருக்கவே இல்லை.

"என்ன மேடம் ஆச்சு?"

"இந்த மாதிரி டிரைவ், வர்றதை முதல்ல முன்னறையில அவசரமா கொட்டி வச்சுக்கும் சார். அப்புறம் ஆற அமர உள்ள அடுக்கும். முன்னறை நிரம்பற வரைக்கும் பறக்கும். நிரம்பிட்டா மூச்சு வாங்கும். போன மாசம் வந்தது இப்படி இல்ல. பேரை வச்சுக்கிட்டு உள்ள இருக்கற சிப்பை மாத்திட்டாங்க."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். முட்டைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் இன்றைக்கு இல்லை என்று சொல்ல வெளியே போனார். அறையில் அக்காவும் தம்பியும்தான்.

"உனக்குத் தெரியுமாடா?"

அவன் தரையைப் பார்த்தான். "நேத்து கடையில ஒண்ணை நிரப்பிப் பாத்தேன்."

"பாத்துட்டுமா தூக்கிட்டு வந்த?"

"பழைய சரக்கு எங்கயும் கிடைக்கலக்கா. நீ நிரப்பிப் பாக்காம விடமாட்டேன்னு தெரியும். எனக்காக ஒரே ஒரு தடவை விட்டுடுவியோன்னு நெனச்சேன்."

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. அவன் தலையை மடியில் சாய்த்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யுமுன் மீன் டாக்டர் திரும்பி வந்துவிட்டார்.

வெளியே போய் வந்ததில் அவர் கோபம் ஆறியிருந்தது. மனிதர் நல்லவர், நல்லவர்களால்தான் சில நேரம் தொல்லை. "விடுங்க மேடம். கம்பெனிக்காரன் பண்ண திருட்டுத்தனத்துக்குத் தம்பி என்ன பண்ணுவாரு, பாவம். வேற நல்லதா பாத்துக் கொண்டுவரட்டும், ஆர்டர் அவர்கிட்டயே இருக்கட்டும். எல்லாப் பெட்டியையும் நீங்க ஒவ்வொண்ணா நிரப்பிட்டிருக்க முடியாது. இனிமே அவரே பாத்து அனுப்பட்டும். நம்பி விடலாம்ல? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

தம்பி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அப்படி அவன் அவளைக் கெஞ்சிப் பார்த்ததே இல்லை. சரி சார் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. பொய்கூட இல்லை, இனிமேல் ஒழுங்காக இருப்பான் என்று சொல்வதுதானே. ஆனால் டாக்டர் கேட்டது அவளை நம்பி.

"வேண்டாம் சார். அவனுக்கு முன்னாடியே தெரியும்."

தம்பி பெட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கட்டினான். கடைசியாக அந்த டிரைவுக்குக் கை நீட்டியபோது, அதன் வயரை அவளே கழற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

சாயங்காலம் வீடு திரும்பினாள். ஒரே வீடுதான், கீழே அவள், மாடியில் தம்பி குடும்பம். கேட்டைத் திறந்த சத்தம் கேட்டதும் மேலே குழந்தை "அத்தை வந்தாச்சு" என்று கத்தியது. தடதடவென்று படிப் பக்கம் ஓடிவரும் காலடி கேட்டது. பாதியில் தம்பி மனைவியின் குரல், "உள்ள வா." குழந்தை ஏன் ஏன் என்று கேட்டது. தாழ்ப்பாள் போடும் சத்தம்தான் வந்தது.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள். நாளைக்கு மீன் டாக்டர் மறுபடி கேட்டாலும் அவள் அதையேதான் சொல்லுவாள். அது அவளுக்கே நன்றாகத் தெரிந்திருந்ததால், அழுகையை நிறுத்த முடியவில்லை.