முப்பத்திரண்டாவது குப்பி

“கையைக் காட்டுங்க!”

இப்படி ஓர் அதட்டல் போட்ட பிறகுதான் நூலகத்தின் பின்கதவைத் திறப்பார் முன்திர். பதினொரு பிள்ளைகள் வரிசையில் நின்று கையை நீட்டுவார்கள். பச்சை அக்ரூட்டுக்குத் தோல் உரித்தவன் விரல் கறுத்திருக்கும். மல்பெரி பொறுக்கியவள் உள்ளங்கை சிவந்திருக்கும். அடுத்தவனை விட்டுப் பொறுக்கச் சொன்னவன் கை வெள்ளைவெளேரென்று இருக்கும். அவனுக்கு அன்றைக்கு அடுப்பு ஊதுகிற வேலைதான். “வாயாலே என்ன வேணா அளக்கலாம்டா. கை காட்டிக் கொடுத்துடும்” என்பார்.

அஜ்லூன் மலையில் இருக்கும் அந்தச் சின்ன நூலகத்துக்கு அவர் வெறும் வாயிற்காவலர். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் பொறுக்கி வந்த காய், தோல், பட்டையெல்லாம் போட்டு மை காய்ச்சி, அந்த மையாலேயே படம் வரைய வைப்பது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. வாத்தியார் என்ற அர்த்தத்தில் “உஸ்தாத்” என்று பிள்ளைகள் கூப்பிட்டால் சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்கு நெஞ்சு விரியும். மாசிக்காயும் துருப்பிடித்த ஆணியும் போட்டு அவர் காய்ச்சும் கறுப்பு மைக்காகத் தலைநகர் அம்மானிலிருந்து ஆள் வருகிறது. அதை அவரே எல்லாருக்கும் சொல்லியாயிற்று, சிலருக்கு இரண்டு முறை.

குப்பிக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார். எந்தப் பொருளை யார் முதலில் கொண்டுவந்தார்களோ, அவர்கள் பெயரைத்தான் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். அலமாரியில் நிறைந்த குப்பிகள் முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவது காலி. ஆனால் சீட்டு மட்டும் ஆறு வருஷமாக ஒட்டியிருக்கிறது: ‘நீலம், முன்திர்.’ ஐரிஸ் பூவின் இதழைக் காய்ச்சினார், பச்சையாகப் போயிற்று. கறுப்புத் திராட்சைத் தோலைக் காய்ச்சினார், சாம்பலாகப் போயிற்று. சீட்டை மட்டும் எடுக்கவில்லை.

இந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஒன்பது வயது ஜூமான் கை நீட்டினாள். விரலெல்லாம் நீலம்.

“பேனா உடைஞ்சுதா?”

“இல்ல உஸ்தாத். எங்க வெண்டைக்காய்த் தோட்டத்துக் களை. போன வருஷமும் கொண்டாந்தேனே! ‘ஆடுகூடத் திங்காது இத’ன்னு நீங்கதான் சுவத்துக்கு அந்தாண்ட வீசுனீங்க.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் பையிலிருந்து ஒரு கந்தலை எடுத்தாள். அந்தக் களையின் காயைக் கசக்கிவிட்டுக் கை துடைத்த துணியாம். ஈரத்தில் பச்சையாக இருந்து, காய்ந்ததும் நீலமாகிவிட்டதாம். அதைச் சொட்டுத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, தூரிகையால் ஒரு கோடு இழுத்தாள். அசல் நீலம்.

முன்திர் தாளை வெடுக்கென்று பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்பது வயதுப் பிள்ளையின் மேல் பொறாமைதான், வேறென்ன?

“சீட்ட மாத்துங்க உஸ்தாத்!” என்று கத்தினார்கள்.

“இருங்கடா. வெயிலத் தாங்குதான்னு பாக்கணும். ரெண்டே நாள்ல வெளுத்துடும் பாருங்க. அடுத்த சனிக்கிழமை பேசிக்கலாம்.”

கந்தலைத் தெற்கு ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டார். தினமும் காலையில் வாசல் பூட்டைத் திறந்ததும் நேரே அங்கேதான் ஓடினார். “வெளுத்துத் தொலையேன்” என்று அதன் முகத்தைப் பார்த்தே சொன்னார். அது வெளுக்கவில்லை.

வீட்டில் மனைவி இப்திஸாம் தேநீரை நீட்டிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். “பேத்தி வயசுப் புள்ளகூடப் போட்டியா, ஸாஜியோட அப்பா? வெக்கமா இல்ல?”

“ஆறு வருஷம் காடு மேடெல்லாம் அலைஞ்சவன் நான். அவ களை புடுங்கப் போனாளாம், கெடச்சுதாம்! எனக்கு எரியாதா?”

“நல்லா எரியட்டும். தேத்தண்ணி ஆறிப்போவுது.”

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் நூலகச் சுவருக்குப் பின்னால் போனார். போன வருஷம் அவர் வீசிய இடத்திலேயே அந்தக் களை முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறார். சபித்துக்கொண்டே மடி நிறையக் காய் பறித்தார். தன் முறைப்படி செய்துவிட்டால் இது தன் நீலம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது கணக்கு. காயை நசுக்கிப் படிகாரம் போட்டுக் கொதிக்க வைத்தார். சேற்றுத் தண்ணீராக வந்தது. இன்னொரு முறை வைத்தார். இன்னும் மோசமான சேறு. அத்திமரத்தடியில் கொட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் பிள்ளைகள் பின்கதவுக்கு முன்னால் கை நீட்டி நின்றார்கள். உஸ்தாத் அதட்டவில்லை. இரண்டு கையும் கால்சட்டைப் பைக்குள் இருந்தன. சாவியும் அங்கேதான் இருந்தது.

“கதவத் தொறங்க உஸ்தாத்.”

“தொறக்கறேன், தொறக்கறேன். என்ன அவசரம்?”

ஜூமான் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “உங்க கை எங்க?”

“என் கைக்கு என்ன?”

“காட்டுங்க.”

எலுமிச்சை தேய்த்தும் சாம்பல் தேய்த்தும் போகாத நீலம், பத்து நகக்கண்ணிலும். எந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை. ஜூமான் அவர் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“கொதிக்க வெச்சீங்களா? கொதிச்சா போச்சு உஸ்தாத். பச்சையாக் கசக்கித் துணியிலதான் காய வெக்கணும். எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?”

அவர் கதவைத் திறந்தார். அலமாரிக்குப் போய் முப்பத்திரண்டாவது குப்பியை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். ஆறு வருஷத்துப் பசை லேசில் விடவில்லை. நீலம் ஏறிய கட்டைவிரல் நகத்தால், தன் பெயரை ஓரத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தார்.