பெரியவரும் வாய்க்காலும்

துவைத்துக் காயப்போட்டு மடித்த பிறகும் அப்பாவின் துண்டுகளில் பழுப்பு மயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் பெரியவருடையவை. அப்பா தினமும் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலைக் கடப்பார். கூத்தாநல்லூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து வரும் பஸ் அந்த வாய்க்கால் கரை ரோட்டில்தான் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள், "அந்தா பாரு, நாயத் தூக்கிட்டுப் போறாரு" என்று காட்டிச் சிரிக்கும்போது, அவர் என் அப்பா என்று முதலில் நான் சொன்னதில்லை. பிறகு நானே எழுந்து கைகாட்டத் தொடங்கினேன்.

பெரியவர் என்பது எங்கள் நாய். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட புதிதில், மதகில் அடைத்துக்கொண்ட ஆகாயத்தாமரையை இழுத்துப்போடப் போன அப்பாவின் கையில், வாயைக் கட்டிய ஒரு உரச்சாக்கு சிக்கியது. அதற்குள் இருந்த குட்டிகளில் ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். "இதுக்கும் சேத்து நான்தான் வடிக்கணுமா?" என்று அம்மா பாத்திரங்களை உருட்டினாள். அந்த வாரமே மீன் குழம்புச் சோற்றில் முள் பார்த்துப் பிசைந்து வைத்தவளும் அவள்தான். வாயைச் சுற்றி நரைத்தது போன்ற மயிரும், எதையோ தீர விசாரிப்பது போன்ற நெற்றிச் சுருக்கமும் அதற்குப் பிறவியிலேயே இருந்தன. "பெரியவரு எந்திரிச்சாச்சா? காப்பி சாப்பிடுறீங்களா?" என்று அம்மா கேலிக்குக் கேட்டதே பெயராகிவிட்டது. மரியாதையும் கூடவே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் அவரை 'வா, போ' என்று சொன்னதில்லை, அப்பாவைத் தவிர.

மரியாதைக்கு ஏற்ற நடத்தையும் இருந்தது. புது ஆள் வந்தால் குரைக்க மாட்டார். எழுந்துபோய் மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வந்து படுத்துக்கொள்வார். நடவு வயலில் கால் வைக்காமல் வரப்பில் மட்டுமே நடப்பார். அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று, அறுவடை மெஷின். அது ஊருக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை தொண்டை கட்டும் அளவுக்குக் குரைத்து, பிறகு இரண்டு நாள் பேச்சு மூச்சில்லாமல் கிடப்பார்.

தண்ணீரைப் பார்த்தால் மட்டும் நடுங்கினார். சாக்கில் கிடந்தவர் நடுங்காமல் என்ன செய்வார் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஆனால் வீட்டுக்கும் வயலுக்கும் நடுவில் வாய்க்கால் ஓடுகிறது. பாலம் சுற்றிப் போனால் வெகுதூரம். தாத்தா கூலிக்கு உழுத நிலத்தில் அப்பா பாடுபட்டு வாங்கிய ஒன்றரை ஏக்கர் அக்கரையில் இருக்கிறது. அப்பா தண்ணீரில் இறங்கியதும் பெரியவர் கரையில் நின்று ஒரு முன்னங்காலை மட்டும் தூக்குவார். அப்பா திரும்பி வந்து அள்ளித் தோளில் போட்டுக்கொள்வார். குட்டியாக இருந்தபோது தொடங்கியது, ஒரு நெல் மூட்டையில் பாதி கனம் வந்த பிறகும் நிற்கவில்லை.

பிறகு அப்பாவுக்குக் குடலிறக்கம் வந்து தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாளைக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் அப்பா யோசித்துவிட்டு, "நாயத் தூக்கலாங்களா?" என்று கேட்டார். டாக்டர் வேடிக்கைப் பேச்சென்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யாரும் பார்க்காதபோது தூக்கிவிடுவார் என்று எங்களுக்குத் தெரியும். தையல் பிரிந்தால் மறுபடி ஆஸ்பத்திரிதான்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி நடக்கும்போது, ஒரு கீரிப்பிள்ளை ரோட்டைக் கடந்து வாய்க்காலில் விழுந்தது. பின்னாலேயே பெரியவர் பாய்ந்தார். நீந்தி அக்கரை ஏறி, உடம்பை உதறி, கீரியைக் காணாமல் கொஞ்சம் நின்றுவிட்டு, அதே தண்ணீரில் நிதானமாக நீந்தித் திரும்பி வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் வேகமாக வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "அப்பா, பெரியவருக்குத் தண்ணின்னா பயமே இல்ல. நல்லா நீந்துறாரு. இத்தன நாளா ஏமாத்திருக்காரு."

அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். "தெரியும்" என்றார்.

"எப்பலேருந்து?"

"போன சம்பா நடவுலேருந்து. கொக்கத் தொரத்திக்கிட்டுப் போச்சு."

"அப்பறம் ஏம்பா தூக்கினீங்க?"

"தூக்கச் சொல்லிக் கேட்டுச்சு. தூக்கினேன்." இதிலென்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார். வாசற்படியில் அம்மா முறத்தை மடியில் வைத்தபடி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடவு நாளன்று நானும் விடுமுறையில் இருந்தேன். ஆள் வைத்து நடவை நடத்துவது அந்த முறை அம்மா. அக்கரையில் வரப்பில் நின்றிருந்தாள். அப்பா மெல்ல நடந்து வாய்க்கால்வரை வந்தார். பெரியவர் வழக்கம்போல முன்னங்காலைத் தூக்கினார். அப்பா குனிந்தார், நான் அதட்டினேன், அவர் நிமிர்ந்தார். "இப்ப முடியாதுடா, வயித்தக் கிழிச்சிருக்காங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் வெயிலில் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் அங்கயே இருங்க. நாத்து தானா நட்டுக்கும்" என்று அம்மா அங்கிருந்து சத்தம் போட்டாள். யாரும் அசையவில்லை. அவள் புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தாள். "வாங்க பெரியவரே" என்று இரண்டு கையாலும் வாரி எடுத்தாள். அப்பாவைத் தவிர யாரும் தூக்கி அறியாதவர், நாலு காலும் விறைத்துப் போக, மூச்சுக் காட்டாமல் போனார். அவரை அக்கரையில் இறக்கிவிட்டு அம்மா மறுபடி வந்தாள். அப்பாவின் முன்னால் நின்றாள்.

"உங்களையும் தூக்கணுமா?"

கையை நீட்டினாள். நடவாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ரோட்டில் பஸ் போயிற்று. என் நினைவறிந்து வெளியிடத்தில் அம்மாவின் கையைத் தொட்டிராத அப்பா, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து தண்ணீரில் இறங்கினார்.

போன தை மாதம் பெரியவர் வைக்கோல் போரடியில், தூக்கத்திலேயே போய்விட்டார். நல்ல வயதுதான். அப்பாவுக்கு இப்போது உடம்பு தேறிவிட்டது, மூட்டைகூடத் தூக்குகிறார். அம்மாதான் மாறிவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தலையில் சுமையோடு அந்த வாய்க்காலைக் கடந்தவள், இப்போது கரையில் நின்று அப்பா திரும்பிப் பார்க்கும்வரை காத்திருக்கிறாள். கேட்டால், "பாசி வழுக்குதுடி" என்கிறாள். அப்பா திரும்பி வந்து கையைக் கொடுக்கிறார்.